வண்ணப் பின்னலை எந்த முறையில் தொடங்குவது?

ஒற்றை நிறத்தில் ஒரு கழுத்துச் சால்வையையோ குழந்தைத் தொப்பியையோ பின்னி முடித்தவர் அடுத்ததாக இரண்டு நிறங்களைச் சேர்த்துப் பின்ன விரும்பும்போது, அவர் முன்னால் ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. முடிந்த துணியைப் பார்ப்பவருக்கு அவையெல்லாம் ஒரே கைவேலையாகத் தோன்றினாலும், ஊசியில் நடப்பது ஒன்றுக்கொன்று வேறானது. ஒன்றில் தேறியவர் மற்றொன்றில் மீண்டும் புதியவராகத்தான் தொடங்குகிறார். ஆகவே எதை முதலில் கற்பது என்ற கேள்வி அற்பமானதன்று. அதிலும், யாழ்ப்பாணத்தில் கம்பளிப் பின்னல் கற்பவர்கள் பெரும்பாலும் தமக்காகப் பின்னுவதில்லை. ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ இருக்கும் பெறாமக்களுக்காகவும், நுவரெலியாவில் வேலை பார்க்கும் மகனுக்காகவுமே பின்னுகிறோம். எனவே அளவு பார்க்கத் தலையும் அருகில் இல்லை, நல்ல ஆட்டுக் கம்பளி நூலும் அருகில் இல்லை. இரண்டு நிற நூல்களையும் ஒன்றாகக் கொண்டுசெல்லும் ஒரு தொப்பியில் தொடங்குங்கள் என்று குளிர்நாட்டுக்காரர் தரும் வழமையான ஆலோசனை நமக்கு அப்படியே பொருந்தாமல் போவதற்கு இந்த இரண்டு குறைகளும்தான் காரணம் என்பது என் கருத்து.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்றும், ஓரத்திலிருந்து ஓரம் வரை பின்னிய கண்ணிகளை நிரை என்றும், தையல் வகுப்பில் நிற், பேர்ல் என்று சொல்லிப் பழகிய இரண்டையும் முறையே நேர்க்கண்ணி, மறுகண்ணி என்றும் இங்கே எழுதுகிறேன்.

பட்டை பின்னுவதைத் தனியொரு முறையாக எண்ண வேண்டியதில்லை. நிரையின் தொடக்கத்தில் நூலை மாற்றினால் பட்டை வந்துவிடும். இரட்டைப்படை எண்ணிக்கையில் நிரைகளைப் பின்னினால் விட்ட நூல் அதே ஓரத்தில் காத்திருக்கும் என்பதையும், புது நிறத்தின் முதல் நிரையை முன்பக்கத்தில் நேர்க்கண்ணியாகவே பின்ன வேண்டும், மறுகண்ணியில் மாற்றினால் பழைய நிறம் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும் என்பதையும் அதில் பழகிக்கொண்டால் போதும். ஒரு வாரம் பட்டை பின்னியவர் அடுத்த படிக்குப் போகலாம்.

உண்மையான தெரிவு இருநூல் பின்னலுக்கும் மொசேயிக் பின்னலுக்கும் இடையில்தான் இருக்கிறது. வண்ணப் பின்னல் என்றதும் எல்லோர் மனக்கண்ணிலும் எழுவது முதலாவதுதான். ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெற்லாந்துத் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த ஃபேர் ஐல் என்னும் சின்னஞ்சிறு தீவின் பெயரால் அது அறியப்படுகிறது. பின்னாளில் எட்டாம் எட்வேர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் 1922இல் கோல்ஃப் மைதானத்தில் அத்தகைய மேற்சட்டையை அணிந்து நின்ற பிறகு அது உலக நாகரிகமாயிற்று. நோர்வேயில் துரொண்ட்ஹைம் நகருக்கு அண்மையிலுள்ள செல்பு என்னும் ஊரின் எட்டிதழ்ப் பூ இன்னும் புகழ் பெற்றது. 1857 அளவில் மாரித் எம்ஸ்தாட் என்ற இளம்பெண் இரண்டு நிறங்களில் பின்னிய கையுறைகளிலிருந்து அந்த மரபு தொடங்கியதாகச் சொல்வார்கள். ஒஸ்லோவில் உறவினர் இருக்கும் ஒருவர், எடுத்த எடுப்பிலேயே அந்தப் பூவைப் பின்னி அனுப்ப ஆசைப்படுவதில் வியப்பில்லை. நானும் ஆசைப்பட்டேன்.

இம்முறையில் ஒரே நிரையில் இரண்டு நிற நூல்களும் கூடவே செல்கின்றன. வேண்டிய நிறம் கண்ணியாகிறது. வேண்டாதது துணியின் பின்புறமாக ஓடி, தன் முறை வரும்போது முன்னே வருகிறது. பனையோலைப் பாயில் சாயமிட்ட ஓலை ஓரிடத்தில் மேலே தெரிந்து, அடுத்த இடத்தில் கீழே மறைவதை ஒத்தது இது. ஆனால் ஓலை நீளாது, சுருங்காது. நூலை நாம் இழுக்கும் அளவுக்குத் துணி சுருங்கும். பின்புறம் ஓடும் நூல் சிறிது குறைந்தாலும் துணி சுருக்கம் விழுந்து, இழுபடும் தன்மையை இழந்துவிடுகிறது. இந்தக் குறையை முன்பக்கத்தில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பல நிரைகள் பின்னிய பிறகே கைக்குத் தெரியவரும்.

என் முதல் இருநூல் தொப்பி இதற்குச் சாட்சி. 10 சென்ரிமீற்றருக்கு 22 கண்ணிகள் என்ற கணக்கில், எட்டுக் கண்ணிக் கோலம் பதினான்கு தடவை வருமாறு 112 கண்ணிகள் போட்டேன். சுற்றளவு ஏறத்தாழ 51 சென்ரிமீற்றர் வந்திருக்க வேண்டும். சிறிது இழுபட்டு வளர்ந்தவரின் தலையில் அமர்ந்திருக்கும். பின்புற நூல்களை இறுக்கிவிட்டதால் 10 சென்ரிமீற்றருக்குள் 26 கண்ணிகள் நெருங்கி, தொப்பி 43 சென்ரிமீற்றரில் நின்றுவிட்டது. ஒஸ்லோவுக்குப் போக வேண்டிய அது பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் தலைக்குப் போனது. சித்திரை வெயிலில் அந்தக் குழந்தை அதை ஒரு நிமிடம்கூட வைத்திருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தலை அருகில் இருந்திருந்தால் பத்தாவது நிரையிலேயே போட்டுப் பார்த்து அவிழ்த்திருப்பேன்.

இந்த இறுக்கத்துக்குப் பரிகாரங்கள் உண்டு. நிறம் மாற்றுமுன் வலது ஊசியில் உள்ள கண்ணிகளை விரலால் பரப்பிவிட வேண்டும். ஐந்து கண்ணிகளுக்கு மேல், அதாவது சுமார் இரண்டரைச் சென்ரிமீற்றருக்கு மேல் ஒரு நூல் சும்மா ஓடினால் அதை நடுவில் மற்ற நூலோடு ஒருமுறை முறுக்கிப் பிடிக்க வேண்டும். ஊசியை ஓர் அளவு பெரிதாக்கலாம். வட்டமாகப் பின்னும்போது வேலையை உட்புறம் வெளியாகத் திருப்பிப் பிடித்தால், ஓடும் நூல் வெளிச்சுற்றைச் சுற்றிப் போக நேர்வதால் தானாகவே சற்று நீளும். இவையெல்லாம் பயன் தருபவைதான். ஆனால் இரண்டு நூல்களைப் பிடிக்கவே தடுமாறும் கைக்கு இத்தனையையும் ஒரே வேளையில் நினைவில் வைத்திருப்பது இயலாத காரியம்.

இன்னுமொரு நுட்பம், பலர் நெடுங்காலம் கவனியாதது. இரண்டு நூல்களில் கீழிருந்து வருவதன் கண்ணிகள் சற்றுப் பெரிதாகி முன்னே தெரியும். மேலிருந்து வருவது பின்வாங்கும். ஆகவே பூவின் நிறத்தை எப்போதும் கீழிருந்தும், பின்னணியின் நிறத்தை எப்போதும் மேலிருந்தும் எடுக்க வேண்டும். இடையில் இந்த ஒழுங்கு மாறினால் ஒரே பூவின் பாதி பளிச்சென்றும் மறுபாதி மங்கியும் வரும். புதியவர் தாம் கண்ணியை எண்ணுவதில் பிழைவிட்டதாக நினைத்து, பிழையே இல்லாத நிரைகளை அவிழ்த்துக்கொண்டிருப்பார்.

நூல் பிடிப்பதில் மட்டும் நம்மில் சிலருக்கு ஒரு சலுகை உண்டு. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற தையல் பாடத்தில் பின்னல் நூலை வலது கையால் சுற்றிப் போடப் பழகினோம். குரோசே ஊசி பிடித்தவர்கள் நூலை இடது கையில் பிடிக்கப் பழகினார்கள். இரண்டும் பழகியவர் ஒரு நிறத்தை வலது கையிலும் மற்றதை இடது கையிலும் பிடித்தால், நூல்கள் ஒன்றோடொன்று சிக்குவதே இல்லை, வேகமும் கூடும். குரோசே தெரியாதவர் ஒவ்வொரு முறையும் ஒரு நூலை விட்டு மற்றதை எடுப்பதில் குறையொன்றும் இல்லை, நேரம்தான் கூடுதலாகும்.

மொசேயிக் பின்னல் இதற்கு நேர் எதிரான வழியில் அதே விளைவைத் தேடுகிறது. எந்த வேளையிலும் கையில் ஒரு நூல் மட்டுமே இருக்கும். வெள்ளையில் இரண்டு நிரை, சிவப்பில் இரண்டு நிரை என்று பட்டை பின்னுவது போலவே போகிறோம். வெள்ளை நிரையின் நடுவே சிவப்புத் தெரிய வேண்டிய இடத்தில், கீழே சிவப்பாக நிற்கும் கண்ணியைப் பின்னாமல் இடது ஊசியிலிருந்து வலது ஊசிக்கு அப்படியே மாற்றிவிடுகிறோம்; அது நீண்டு மேலேறி, வெள்ளைக்குள் சிவப்பாக நிற்கிறது. கண்ணியை மாற்றும்போது மறுகண்ணி பின்னப் போவதுபோல் ஊசியை நுழைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது திருகிக்கொள்ளும். முன்பக்க நிரையில் நூல் வேலைக்குப் பின்னாலும், திரும்பி வரும் நிரையில் நம் பக்கமாகவும் நிற்க வேண்டும். இரண்டும் ஒன்றுதான், நூல் எப்போதும் துணியின் உட்புறத்தில் இருக்கிறது. திரும்பி வரும் நிரைக்குப் படத்தைப் பார்க்கவே வேண்டாம்: பின்னியதைப் பின்னி, மாற்றியதை மாற்றிக்கொண்டு வந்தால் போதும். அமெரிக்கரான பார்பரா வாக்கர் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்முறையின் ஏராளமான கோலங்களை ஒழுங்குபடுத்தி, அதற்கு இப்பெயரையும் நிலைபெறச் செய்தார்.

இதன் சிறப்பு, பின்புறம் ஓடும் நூல் ஒன்று முதல் மூன்று கண்ணி அகலத்தைத் தாண்டுவது அரிது என்பதில் இருக்கிறது. சிறிது இறுக்கினாலும் துணி பெரிதாகச் சுருங்குவதில்லை. சாதாரண நேர் ஊசிச் சோடியே இதற்குப் போதும். இருநூல் தொப்பிக்கு 40 சென்ரிமீற்றர் வட்ட ஊசியும், உச்சியைக் குறுக்க இருபுறமும் கூரான ஐந்து ஊசிகளும் வேண்டும். எனக்கு அவை இங்கே கிடைக்காமல், கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். மொசேயிக்கில் முதலில் பின்னத் தகுந்தவை கழுத்துச் சால்வை, மெத்தை உறை, மேசை விரிப்பு ஆகியவை. அளவு இரண்டு சென்ரிமீற்றர் தவறினாலும் யாருக்கும் தலை நோகாத பொருட்கள்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. மாற்றிய கண்ணிகள் துணியை மேலிருந்து கீழாகச் சுருக்குவதால், எதிர்பார்த்ததைவிட அதிக நிரைகள் பின்ன வேண்டும். இரண்டு மாலைகள் பின்னியும் நான்கு விரல் உயரம்தான் வந்திருக்கிறதே என்று முதலில் சலிப்பு வரும். துணி தடித்திருக்கும், நூலும் கூடுதலாகச் செல்லும். எல்லாவற்றிலும் பெரிய குறை, நினைத்த எல்லாப் படங்களையும் இதில் கொண்டுவர முடியாது. படிக்கட்டு, சாய்சதுரம், சுற்றிச் சுற்றி உள்ளே போகும் கட்டக் கோலம் ஆகியவை அழகாக அமையும். சிக்குக் கோலத்தின் வளைவையோ செல்புப் பூவையோ இதில் தேடக் கூடாது. நோர்வே மரபுதான் வேண்டும் என்பவருக்கு மொசேயிக் ஒரு பயிற்சிக்களமே தவிர முடிவிடம் அன்று.

நூலைப் பற்றிய கேள்வி இந்த இடத்தில் தீர்ப்பளிக்கிறது என்றே சொல்லலாம். நம்மூர்ப் பான்சிக் கடைகளில் உல்லன் என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் அக்கிறிலிக் நூல். ஆட்டுக் கம்பளியின் இழையில் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. அவை பக்கத்து இழையைப் பற்றிக்கொள்கின்றன. அதனால்தான் கம்பளியில் பின்னிய ஒழுங்கற்ற கண்ணிகள்கூட, நீரில் ஊறவைத்துச் சீராகப் பரப்பிக் காயவிட்டதும் ஒன்றுக்கொன்று இடம்கொடுத்துச் சமமாகிவிடுகின்றன. ஷெற்லாந்துக்காரர் பின்னிய மேற்சட்டையின் நடுவே கத்தரிக்கோலை வைத்து வெட்டித் திறப்பு உண்டாக்குவதும், இழை அவிழாமல் பற்றிக்கொள்ளும் என்ற அந்த நம்பிக்கையில்தான். அக்கிறிலிக்குக்குச் செதில் இல்லை. பின்னியபோது எப்படி இருந்ததோ, நீரில் ஊறிய பிறகும் ஏறத்தாழ அப்படியே இருக்கும். சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்தால் சப்பையாகி, பிறகு மீளாது. ஆகவே அக்கிறிலிக்கில் இருநூல் பின்னலைத் தொடங்குபவர், தம் ஒவ்வொரு பிழையையும் நிரந்தரமாகப் பதிவுசெய்கிறார். மொசேயிக் கோலத்தை எல்லா நிரையும் நேர்க்கண்ணியாக வரும் மேடுபள்ளமான துணியில் பின்னினால், அதே நூலின் சமமின்மை கண்ணுக்குத் தெரியாமல் அடங்கிவிடுகிறது.

வெளிநாட்டிலிருந்து யாராவது நல்ல கம்பளி நூல் கொண்டுவந்து தந்தால் அதை முதல் வேலைக்கு எடுக்காமல், பெட்டியில் வேப்பிலையோடு வைத்திருங்கள். கையும் அதற்குப் பதப்பட வேண்டும். நம் வெயிலில் விரல் வியர்த்து நூல் உலோக ஊசியில் ஒட்டிக்கொள்ளும். மூங்கில் ஊசி ஓரளவு உதவும், விடியற்காலை இன்னும் உதவும். இருநூல் பின்னலைத் தொடங்க ஏற்ற காலம் வாடைக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழி மாதங்களே.

மூன்றாவது முறையான இன்ரார்சியாவைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையின் மேற்சட்டையின் நடுவில் ஒரு யானையோ மயிலோ பெரிதாக வர வேண்டுமானால் அதுதான் வழி. ஒவ்வொரு நிறப் பகுதிக்கும் தனித்தனி நூல்சுற்று. உடுப்புக் கொழுவும் கிளிப்பில் சுற்றித் தொங்கவிடலாம். இரண்டு நிறங்கள் சந்திக்கும் எல்லையில் நூல்களை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டு எடுக்காவிட்டால் அங்கே பிளவு விழும். பின்புறம் ஓடும் நூல் இல்லாததால் துணி மெல்லியதாகவும் இழுபடுவதாகவும் இருக்கும் என்பது நம் நாட்டுக் காலநிலைக்கு ஒரு நன்மை. ஆனால் வட்டமாகப் பின்ன முடியாது, ஏனெனில் ஒரு சுற்று முடியும்போது நூல் வேண்டிய இடத்தில் இல்லாமல் பகுதியின் மறுகரையில் நிற்கும். பத்துப் பகுதிகள் இருந்தால், மறைத்துத் தைக்க வேண்டிய நூல் முனைகள் குறைந்தது இருபது. என்னிடம் பின்னி முடிந்தும் முனைகள் தைக்கப்படாத ஒரு மயில் மூன்று ஆண்டுகளாக அலுமாரியில் இருக்கிறது.

பூத்தையல் நன்கு தெரிந்தவர் மேல்தையலை எண்ணிப் பார்க்கலாம். ஒற்றை நிறத்தில் பின்னி முடித்த துணியின் மேல், மழுங்கிய ஊசியில் வேறு நிற நூலைக் கோத்து, ஒவ்வொரு கண்ணியின் வடிவத்தையும் அப்படியே பின்தொடர்ந்து மூடிக்கொண்டு போவது அது. சிறிய பூவுக்கும் பெயரின் முதலெழுத்துக்கும் ஏற்றது. பெரிய பரப்பில் துணி விறைத்துவிடும். இருநூல் பின்னலில் ஓரிரு கண்ணிகள் நிறம் மாறிப்போனால் அவிழ்க்காமல் திருத்தவும் இதுவே துணை. அந்த ஒரு காரணத்துக்காகவே எல்லோரும் இதைக் கற்றுக்கொள்ளலாம். இரண்டு அடுக்குத் துணியை ஒரே வேளையில் பின்னும் இரட்டைத் துணிப் பின்னல் என்ற ஒன்றும் உண்டு. அதைத் தொடக்கநிலையில் நினைக்கவே வேண்டாம்.

படம் வரைவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வண்ணப் பின்னலின் குறிப்புகள் கட்டமிட்ட படங்களாகவே வருவதால், ஆங்கிலச் சுருக்கெழுத்துகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வலது கீழ் மூலையிலிருந்து மேல்நோக்கி வாசிக்கப் பழகினால் போதும். நாமே வரையவும் செய்யலாம். ஆனால் கணக்குப் பாடத்துச் சதுரக் கோட்டுக் கொப்பியில் வரைந்த வட்டம் எல்லா முறையிலும் வட்டமாக வராது. முன்பக்கம் நேர்க்கண்ணியான வழமைத் துணியில் 10 சென்ரிமீற்றருக்குள் 22 கண்ணிகளும் 30 நிரைகளும் இருந்தால், ஒரு கண்ணி ஏறத்தாழ நான்கரை மில்லிமீற்றர் அகலமும் 3.3 மில்லிமீற்றர் உயரமும்தான். கொப்பியில் இருபதுக்கு இருபது கட்டத்தில் அடங்கிய வட்டம், துணியில் 9 சென்ரிமீற்றர் அகலமும் ஏழுக்கும் குறைந்த உயரமுமாகச் சப்பளிந்துபோகும். மேல்தையலிலும் இன்ரார்சியாவிலும் இது நேரும். இருநூல் பின்னலில் கண்ணிகள் நெருங்குவதால் ஏறத்தாழச் சதுரமாகிவிடுகின்றன. எல்லா நிரையும் நேர்க்கண்ணியான மொசேயிக்கிலோ படத்தின் ஒரு கட்டம் இரண்டு நிரைகளைக் குறிப்பதால், கொப்பிக் கட்டம் பெரும்பாலும் அப்படியே பொருந்துகிறது. தாமே கோலம் வரைந்து பின்ன விரும்புபவருக்கு இது சிறிய சலுகையன்று.

எந்த முறையானாலும் நிறத் தெரிவு ஒன்றேதான். நிறம் வேறாக இருப்பது போதாது. ஒன்று வெளிறியும் மற்றது அடர்ந்தும் இருக்க வேண்டும். நம் கோயில் மதில்களின் காவியும் வெள்ளையும் வீதியின் கோடியிலிருந்தே பிரிந்து தெரிவது அதனால்தான். சிவப்பையும் பச்சையையும் ஒரே அடர்த்தியில் எடுத்தால் மூன்றடி தள்ளிப் பார்க்கும்போது கோலம் கரைந்துவிடும். நூல் வாங்குமுன் இரண்டு பந்துகளையும் சேர்த்துக் கைத்தொலைபேசியில் கறுப்புவெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். சிவப்பு நூலை ஈர வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் இறங்குகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். முடிந்த வேலையைக் கழுவும்போது, சுண்ணக்கல்லில் ஊறிய நம் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காமல் வெண்படிவமாகக் கம்பளியில் தங்கிவிடும். சிறிதளவு ஷம்பூவோ மழைநீரோ மேல். காயவைப்பது நிழலில், பாயின் மேல் பரப்பி. கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கம்பளி தன் பாரத்தாலேயே நீண்டுவிடும்.

ஆகவே கடையில் வாங்கிய அக்கிறிலிக்கும் ஒரு சோடி நேர் ஊசியும் கையில் இருப்பவர் மொசேயிக் சால்வையில் தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். குரோசேயும் பின்னலும் இரண்டும் கைவந்தவர், அல்லது நல்ல கம்பளி கிடைத்தவர் நேரே இருநூல் பின்னலுக்குப் போகலாம். ஆனால் தொப்பிக்கு முன் 48 கண்ணிகளில் ஒரு மணிக்கட்டு உறையை வட்டமாகப் பின்னி, அதை மாதிரித் துண்டாகக் கொண்டு கண்ணிகளை அளக்க வேண்டும். தட்டையாகப் பின்னிய மாதிரி வட்டப் பின்னலுக்குச் சரியான அளவு காட்டாது, ஏனெனில் பலருடைய மறுகண்ணி நிரை சற்றுத் தளர்ந்தே வருகிறது. உறை கைக்கு இறுக்கமாக வந்தால் ஊசியை மாற்றுங்கள். கண்ணிகளின் எண்ணிக்கையை மாற்றினால் கோலம் சுற்றில் பொருந்தாமல் போகும். தொப்பி யாருக்கோ அவரிடம், புருவத்துக்கு மேலாகத் தலையைச் சுற்றி ஒரு நூலை வைத்து அளந்து சென்ரிமீற்றரில் அனுப்பும்படி முன்கூட்டியே கேளுங்கள். "எனக்கு நடுத்தர அளவுதான் சித்தி" என்று வரும் பதிலை ஏற்க வேண்டாம்.